குழலில் இட்ட ஒரு துளை: எம்-1 துப்பாக்கியை நம்பலாமா என்று அமெரிக்கா கேட்ட காலம்

ஒரு முறை பிழைத்துப்போன ஆயுதத்தைத் திருத்தியமைத்து, "இனி நம்பலாம்" என்று மீண்டும் கையில் கொடுத்தால் அதனை ஒரு படைவீரன் எந்த ஆதாரத்தைக் கொண்டு நம்புவது? இந்தக் கேள்வி துப்பாக்கி நிபுணர்களுக்கு மட்டும் உரியதன்று. அரசாங்கம் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம், குறை சொல்பவர் எந்த நோக்கத்தில் சொல்கிறார், பத்திரிகை எதனைச் சோதித்து எழுத வேண்டும் என்ற கேள்விகளெல்லாம் அதனுள் அடங்கியுள்ளன. இவை யாவும் ஒன்றாகத் திரண்டு வந்த ஒரு சம்பவம் 1939 இலும் 1940 இலும் அமெரிக்காவில் நடந்தது. இன்று இரண்டாம் உலகப்போரின் மிகச்சிறந்த காலாட்படைத் துப்பாக்கி என்று பலராலும் புகழப்படும் எம்-1 காரண்ட் துப்பாக்கி, அந்நாட்களில் நம்பத்தகாத ஒன்று என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

இந்தத் துப்பாக்கியை வடிவமைத்தவர் ஜோன் காரண்ட். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1888 ஜனவரி முதலாம் திகதி பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1919 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில் சேர்ந்து 1953 இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார்.

அக்காலத்தில் உலகின் படைகளிற் பெரும்பாலானவை பயன்படுத்திய துப்பாக்கியில், ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னரும் வீரன் கையால் போல்ட்டை இழுத்து, வெற்றுக்கோதை வெளியேற்றி, அடுத்த ரவையை உள்ளே தள்ள வேண்டும். அமெரிக்கப் படையினரிடம் இருந்த 1903 ஆம் ஆண்டு ஸ்பிரிங்பீல்ட் துப்பாக்கியும் அத்தகையதே. அது ஐந்து ரவைகள் கொள்ளும். அரைத் தானியங்கித் துப்பாக்கியிலோ இந்த வேலைகளைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். விசையை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு வேட்டுத் தீரும். குறிபார்க்கும் கண்ணை எடுக்காமலே அடுத்ததைத் தீர்க்கலாம். முதலாம் உலகப்போருக்குப் பின்னர் எல்லாப் பெரிய நாடுகளும் இதனை நாடின. ஆனால் சேற்றிலும் மணலிலும் கிடந்து எழும் காலாட்படை வீரனின் கையில் வேலை செய்யக்கூடிய ஒன்றை உருவாக்குவது எளிதாக இருக்கவில்லை.

காரண்டும், அவரது போட்டியாளரான ஜோன் பெடர்சனும் ஒரு கட்டத்தில் 0.276 அங்குல ரவைக்குத் தமது துப்பாக்கிகளை வடிவமைத்தனர். 1932 இல் இராணுவத் தலைமை அதிகாரியாக இருந்த ஜெனரல் டக்ளஸ் மக் ஆர்தர் அந்தச் சிறிய ரவையை நிராகரித்தார். களஞ்சியங்களில் மலைபோல் குவிந்திருந்த 0.30 அங்குல ரவைகளையே புதிய துப்பாக்கியும் பயன்படுத்த வேண்டும் என்பது அவரது முடிவு. காரண்ட் தமது வடிவமைப்பைப் பெரிய ரவைக்கு ஏற்ப மாற்றினார். பத்து ரவைகள் கொண்ட கிளிப் எட்டாகக் குறைந்தது. 1936 ஜனவரி 9 ஆம் திகதி "எம்-1" என்ற பெயரில் அது அமெரிக்க இராணுவத்தின் நியமத் துப்பாக்கியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. தனது காலாட்படை முழுவதற்கும் அரைத் தானியங்கித் துப்பாக்கியைப் பொதுவான ஆயுதமாக்கிய முதலாவது பெரிய நாடு அமெரிக்காவே. எனினும் உற்பத்தி மெதுவாகவே தொடங்கியது. 1937 செப்டெம்பரில் நாளொன்றுக்குப் பத்துத் துப்பாக்கிகள் மட்டுமே வெளிவந்தன.

படையினரின் கைகளுக்குத் துப்பாக்கி போய்ச் சேரத் தொடங்கியதும் குறைகளும் வெளிவரத் தொடங்கின. அவற்றுள் முதலாவது, வடிவமைப்பிலேயே இருந்த குறை.

அரைத் தானியங்கித் துப்பாக்கியை இயக்குவதற்கு, வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவில் ஒரு பகுதி தேவை. அந்த வாயுவை எங்கிருந்து எடுப்பது? குழலில் ஒரு துளை இட்டு எடுப்பது நேரான வழி. ஆனால் குழலைத் துளைத்தால் அது பழுதாகும், துளை அரித்துப் பெரிதாகும் என்ற அச்சம் அக்காலத்து ஆயுத அதிகாரிகளிடம் ஆழமாக வேரூன்றியிருந்தது. ஆகவே துளையில்லாத வழி ஒன்று தெரிவுசெய்யப்பட்டது. குழலின் வாய்க்கு முன்னால் ஒரு சிறிய உறை பொருத்தப்பட்டது. குண்டு குழலை விட்டு வெளியேறி அந்த உறையைக் கடக்கும்போது, அதன் பின்னால் பாய்ந்துவரும் வாயுவில் ஒரு பகுதியை உறை பிடித்துப் பின்னோக்கித் திருப்பிவிடும். அந்த வாயு ஒரு தண்டைத் தள்ள, தண்டு போல்ட்டைத் திறக்கும்.

காகிதத்தில் இது நன்றாகவே இருந்தது. நடைமுறையில் உறைக்குள் கரி படிந்தது. துப்புரவு செய்வது சிரமமாயிற்று. உறையின் முன்மூடியைப் பிடித்து வைத்திருந்த திருகு தளரக்கூடியதாக இருந்தது. எல்லாவற்றிலும் மோசமானது வேறொன்று. குறிபார்க்கும் முன்முனை அந்த உறையின் மீதே அமர்ந்திருந்தது. பயனெட் கத்தியும் அதனுடனேயே பொருத்தப்பட்டது. உறை சற்று அசைந்தாலும் குறி தவறும். குறி தவறும் துப்பாக்கி எவ்வளவு விரைவாகச் சுட்டால்தான் என்ன?

இரண்டாவது குறை இன்னும் விசித்திரமானது. எட்டு ரவைகளில் முதல் ஆறும் ஒழுங்காகத் தீரும். ஏழாவது ரவை சரியாக மேலெழுந்து குழலுக்குள் போகாமல் சிக்கிக்கொள்ளும். எல்லாத் துப்பாக்கிகளிலும் இது நிகழவில்லை, எப்போதும் நிகழவுமில்லை. ஆனால் நிகழ்ந்தபோதெல்லாம் பெரும்பாலும் ஏழாவது ரவையிலேயே நிகழ்ந்தது. எதிரி இருபது யார் தூரத்தில் நிற்கும்போது, ஆறு வேட்டுக்களின் பின்னர் கையிலுள்ள துப்பாக்கி செயலற்றுப்போனால் அந்த வீரனின் நிலை என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதன் காரணத்தைத் தேடியபோது ஓர் உண்மை தெரியவந்தது. மாதிரிப் பட்டறையில் தேர்ந்த தொழிலாளர் கையால் செய்த துப்பாக்கிகளில் இந்தக் குறை இருக்கவில்லை. பெருந்தொகை உற்பத்திக்காக அமைக்கப்பட்ட இயந்திரங்களில் செய்யப்பட்டவற்றிலேயே அது தோன்றியது. துப்பாக்கியின் உடற்பகுதிக்குள், ரவைகளுக்கு வழிகாட்டும் ஒரு சிறிய விளிம்பு உண்டு. உற்பத்திக் கருவிகளை ஒழுங்குபடுத்தியபோது, அவசியமற்றது என்று கருதி அந்த விளிம்பின் நுனியில் சிறிதளவு உலோகம் வெட்டி நீக்கப்பட்டிருந்தது. அந்தச் சிறு துண்டுதான் ஏழாவது ரவையை நேராக வைத்திருந்தது. வடிவமைப்பு சரியாகவே இருந்தது; வரைபடத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையில் அது பிழைத்துப்போயிற்று.

திருத்தங்கள் தொடங்கின. இயந்திரங்கள் மீண்டும் சரிசெய்யப்பட்டன. ஏற்கெனவே வெட்டப்பட்ட உடற்பகுதிகளில் உலோகம் ஒட்டவைக்கப்பட்டு விளிம்பு மீட்கப்பட்டது. வாயு உறை விடயத்தில் காரண்டும் அவரது தொழிற்சாலையும் பழைய அச்சத்தைக் கைவிட்டார்கள். குழலின் அடிப்புறத்தில், வாய்க்கு அண்மையில், ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளை இடப்பட்டது. உறை நீங்கியது. முன்முனையும் உறுதியாக அமர்ந்தது. இந்தப் புதிய அமைப்பு 1939 ஒக்டோபரில் அங்கீகரிக்கப்பட்டு, 1940 இல் உற்பத்திக்கு வந்தது. அதற்கிடையில் பழைய அமைப்புடன் சுமார் 50,000 துப்பாக்கிகள் செய்யப்பட்டுவிட்டன.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. திருத்தப்பட்ட துப்பாக்கிக்குப் புதிய பெயர் சூட்டப்படவில்லை. பழையதும் எம்-1, புதியதும் எம்-1. படையினரின் கைகளில் இருந்தவை பெரும்பாலும் பழையவை. அதிகாரிகளின் மனதில் இருந்தது புதியது.

1940 மே மாதத்தில், ஜேர்மனியப் படைகள் பிரான்ஸை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த வேளையில், தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் சஞ்சிகையான "அமெரிக்கன் ரைபிள்மன்" எம்-1 ஐச் சுட்டுப் பார்த்து அதன் குறைகளைப் பட்டியலிட்டுக் கட்டுரை வெளியிட்டது. அதே காலத்தில் செனட் சபையின் இராணுவ விவகாரக் குழுவும் இந்த விவகாரத்தை விசாரித்தது. பொஸ்ரன் நகர வழக்கறிஞரும் மரைன் படையின் ஒதுக்குப்படைக் கப்டனுமான மெல்வின் ஜோன்சன் தாம் வடிவமைத்த பத்து ரவைத் துப்பாக்கியை முன்வைத்து, அதுவே சிறந்தது என்று வாதாடினார். பத்திரிகைகள் இதனைக் "காரண்டா, ஜோன்சனா" என்ற மல்யுத்தமாக ஆக்கின.

இந்த விவாதத்தை இன்று திரும்பிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. இரு தரப்பினரும் வெவ்வேறு துப்பாக்கிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். விமர்சகர்கள் தாங்கள் கையில் எடுத்துச் சுட்ட பழைய வகையைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் பெரும்பகுதி உண்மையே. இராணுவம், வந்துகொண்டிருந்த புதிய வகையை மனதில் வைத்து மறுத்தது. அந்த மறுப்பும் முற்றிலும் பொய்யன்று. ஒரே பெயரால் இரண்டையும் அழைத்ததால் பொதுமக்களுக்கு எது உண்மை என்று விளங்கவில்லை. "குறைகள் திருத்தப்பட்டுவிட்டன" என்ற அறிவிப்பு, திருத்தப்படாத துப்பாக்கியைத் தோளில் சுமக்கும் வீரனுக்கு எவ்வித ஆறுதலையும் தருவதில்லை என்பதை அதிகாரிகள் அப்போது உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இராணுவத்தின் வார்த்தையை அப்படியே ஏற்காத மற்றொரு தரப்பும் இருந்தது. அதுதான் மரைன் படை. 1940 நவம்பரில் சான் டியாகோவில் அப்படையினர் தாமாகவே ஒரு போட்டிச் சோதனையை நடத்தினர். பழைய ஸ்பிரிங்பீல்ட், காரண்ட், ஜோன்சன், வின்செஸ்டர் நிறுவனத்தின் மாதிரி ஆகிய நான்கும் மணலிலும் சேற்றிலும் மழையிலும் உப்பு நீரிலும் போட்டெடுத்துச் சுடப்பட்டன. மூன்று அரைத் தானியங்கிகளுள் காரண்டே சிறந்தது எனக் காணப்பட்டது. ஆனால் சேறும் உப்பு நீரும் அதனையும் இடறவைத்தன. கடுமையான நிலைமைகளில் மிகவும் நம்பத்தக்கதாக நின்றது கையால் இயக்கும் பழைய ஸ்பிரிங்பீல்ட்தான். மரைன் படை 1941 இல் எம்-1 ஐ ஏற்றுக்கொண்டது. ஆயினும் 1942 ஓகஸ்டில் குவாடல்கனால் தீவில் தரையிறங்கியபோது அதன் வீரர்கள் பெரும்பாலும் ஸ்பிரிங்பீல்ட் துப்பாக்கிகளுடனேயே இறங்கினார்கள்.

அவ்வாண்டு ஒக்டோபரில், இராணுவத்தின் 164 ஆவது காலாட்படை ரெஜிமென்ட் எம்-1 துப்பாக்கிகளுடன் அதே தீவில் வந்திறங்கியது. மாத இறுதியில் இரவோடிரவாக அலையலையாக வந்த ஜப்பானியத் தாக்குதல்களின்போது, போல்ட்டை இழுக்காமலே எட்டு வேட்டுக்களையும் தீர்க்கக்கூடிய ஆயுதத்தின் பெறுமதியை மரைன் வீரர்கள் அருகிலிருந்து கண்டார்கள். அதன் பின்னர் இராணுவத்தினரின் எம்-1 துப்பாக்கிகள் சில "காணாமற்போய்" மரைன் வீரர்களின் கைகளில் காணப்பட்டதாகச் சொல்லப்படும் கதைகள் பல உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே பிலிப்பைன்ஸிலிருந்து மக் ஆர்தர் அனுப்பிய அறிக்கையும் இதனையே சொன்னது. பதுங்கு குழிகளில் பல நாட்கள் துப்புரவாக்காமல் கிடந்தபோதும் துப்பாக்கி வேலை செய்தது என்பது அதன் சாரம். தமது சொந்த முடிவினால் உருவான 0.30 அங்குலத் துப்பாக்கிக்குத் தாமே சாட்சி சொல்லும் நிலை அவருக்கு வாய்த்தது.

அதற்காக எம்-1 குறையற்றதாகிவிட்டது என்று கொள்ளக்கூடாது. கடும் மழையில் எண்ணெய் கழுவப்பட்டுப் போனால் இயங்கும் தண்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே உராய்வு கூடிச் சிக்கும் குறை தொடர்ந்தும் இருந்தது. அதற்குத் தண்ணீரில் எளிதில் கரைந்துபோகாத கிரீஸ் வழங்கப்பட்டது. சிறிய திருத்தங்கள் போர்க்காலம் முழுவதும் நடந்துகொண்டேயிருந்தன. போர் முடியும்போது ஏறக்குறைய 40 இலட்சம் எம்-1 துப்பாக்கிகள் ஸ்பிரிங்பீல்ட் தொழிற்சாலையிலும் வின்செஸ்டர் நிறுவனத்திலும் செய்யப்பட்டிருந்தன. 1945 ஜனவரியில் ஜெனரல் ஜோர்ஜ் பற்றன், இதுவரை உருவாக்கப்பட்ட போர்க்கருவிகளுள் மிகச்சிறந்தது இதுவே என்று எழுதினார். ஐந்து வருடங்களுக்கு முன்னர் செனட் சபையில் குற்றவாளிக் கூண்டில் நின்ற அதே பெயர்!

ஏனைய நாடுகளின் அனுபவமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஜேர்மனியர் தமது 1941 ஆம் ஆண்டுத் துப்பாக்கியில், குழலில் துளை இடக்கூடாது என்று நிபந்தனை விதித்து, அமெரிக்கர் கைவிட்ட அதே வாய் உறை முறையைக் கையாண்டனர்; அதே கரிப்படிவுச் சிக்கலையும் சந்தித்தனர். சோவியத் படைகளிடம் கைப்பற்றிய தோக்கரேவ் துப்பாக்கியின் வாயு அமைப்பைப் பார்த்துத் தமது 1943 ஆம் ஆண்டுத் துப்பாக்கியை மாற்றியமைத்த பின்னரே ஓரளவு வெற்றி கண்டனர். அந்தத் தோக்கரேவும் ஒரு திருத்தப்பட்ட துப்பாக்கிதான். 1938 ஆம் ஆண்டு வகை பின்லாந்துப் போரின் கடுங்குளிரில் பெற்ற அனுபவத்தின் பின்னர் 1940 இல் திருத்தப்பட்டது. ஆனால் அவசர அவசரமாகப் பயிற்றப்பட்ட விவசாயி வீரனின் கையில் அது தொல்லை கொடுத்தது. நன்கு பயிற்றப்பட்ட கடற்படைக் காலாட்களின் கையில் ஒழுங்காகச் சுட்டது. திருத்தம் துப்பாக்கியில் மட்டும் நடந்தாற் போதாது என்பதற்கு இது உதாரணம்.

அமெரிக்காவே இந்தப் பாடத்தைக் கால் நூற்றாண்டுக்குள் மறந்தது என்பதுதான் வேதனையானது. வியட்நாமில் எம்-16 துப்பாக்கி வழங்கப்பட்டபோது, வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டிருந்தது; ஈரமான வெப்பநாட்டுக்கு அவசியமான குரோம் பூச்சு ரவையறைக்கு இடப்படவில்லை; துப்புரவு செய்யும் உபகரணங்களும் போதியளவு வழங்கப்படவில்லை. இந்தத் துப்பாக்கிக்குத் துப்புரவு அதிகம் தேவையில்லை என்ற எண்ணமும் பரவியிருந்தது. சுட்டு முடிந்த கோது வெளியேறாமல் சிக்கிக்கொண்ட துப்பாக்கிகளுடன் வீரர்கள் இறந்து கிடந்தார்கள். வீரர்களின் பராமரிப்புக் குறைவே காரணம் என்று அதிகாரிகள் கூறினர். 1967 இல் ஒரு மரைன் வீரர் தமது குடும்பத்துக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளியாகி, கொங்கிரஸில் வாசிக்கப்பட்டது. அவ்வருடம் ஒக்டோபரில் கொங்கிரஸின் உபகுழு இராணுவத்தைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. குரோம் பூச்சும், துப்புரவு உபகரணங்களும், முறையான பயிற்சியும் வந்த பின்னர் திருத்தப்பட்ட எம்-16 ஏ1 நம்பத்தக்க ஆயுதமாக மாறியது உண்மை. ஆனால் முதற் துப்பாக்கியைச் சுமந்தவர்களிற் பலர் அதனைக் காண உயிருடன் இருக்கவில்லை.

இரண்டு துப்பாக்கிகளிலும் குறைகள் இருந்தன, இரண்டும் திருத்தப்பட்டன, இரண்டும் ஈற்றில் வெற்றி பெற்றன. வேறுபாடு எங்கே? எம்-1 இன் குறைகள் போருக்கு முன்னர், சமாதான காலத்தில், பகிரங்கமாகச் சண்டையிடப்பட்டுத் தீர்க்கப்பட்டன. ஜோன்சனுக்குத் தமது துப்பாக்கியை விற்கும் நோக்கம் இருந்தது. சஞ்சிகைக்காரர் பழைய வகையைச் சுட்டு எழுதினார்கள். மரைன் படையினரோ பழைய துப்பாக்கியை எளிதில் விட்டுக்கொடுக்க விரும்பாதவர்கள். ஆயினும் அவர்கள் எழுப்பிய சத்தம் வீணாகவில்லை. எம்-16 இன் குறைகளோ போர்க்களத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் இருபது வயது இளைஞர்கள்.

ஆகவே, திருத்தப்பட்ட ஒரு துப்பாக்கியை நம்பலாமா என்று கேட்பவர் தயாரிப்பாளரின் உறுதிமொழியைக் கேட்பதில் பயனில்லை. எது பிழைத்தது என்று அவர்களால் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று கேட்க வேண்டும். "மேம்படுத்திவிட்டோம்" என்பது விடையன்று. "இந்த விளிம்பில் இந்தத் துண்டு வெட்டப்பட்டிருந்தது" என்பதே விடை. ஏற்கெனவே வெளியே போனவற்றைத் திருப்பியெடுத்துத் திருத்தினார்களா என்று கேட்க வேண்டும். எம்-1 இன் பழைய வகைகளிற் பெரும்பாலானவை பின்னர் மீளப்பெற்றுப் புதிய அமைப்புக்கு மாற்றப்பட்டன. இன்று மாற்றப்படாத ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கிறார்கள். விற்பவருக்கும் வாங்கியவருக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் அதனைச் சேற்றில் போட்டுச் சுட்டுப் பார்த்தாரா என்றும் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை பழைய ஸ்பிரிங்பீல்ட்டைச் சுமந்த மரைன் வீரரை யாரும் பிற்போக்குவாதி என்று ஏளனம் செய்ய முடியாது.

ஜோன் காரண்ட் தமது கண்டுபிடிப்பின் உரிமைகளை அமெரிக்க அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் செய்யப்பட்டும் அவருக்குச் சம்பளத்தைத் தவிர உரிமைப்பணம் எதுவும் கிடைக்கவில்லை. அவருக்கு ஒரு இலட்சம் டொலர் வழங்க வேண்டும் என்று கொங்கிரஸில் கொண்டுவரப்பட்ட பிரேரணையும் நிறைவேறவில்லை. 1974 பெப்ரவரியில் அவர் காலமானார். அவர் பணியாற்றிய தொழிற்சாலை 1968 இலேயே மூடப்பட்டு, இன்று தேசிய வரலாற்றுத் தலமாகப் பேணப்படுகிறது. பயன்படுத்துபவர் குறை சொல்லும்போது தயாரிப்பாளர் முதலில் கோபப்படுவது எக்காலத்துக்கும் உரிய வழக்கம். ஸ்பிரிங்பீல்ட் தொழிற்சாலையில் கோபம் தணிந்த பின்னர் துப்பாக்கியைத் திறந்து பார்த்தார்கள். வியட்நாம் விடயத்தில், அவ்வாறு திறந்து பார்க்கச் செய்வதற்கு ஒரு வீரரின் கடிதமும் ஒரு பத்திரிகையும் தேவைப்பட்டன.